திரைக்குக் கீழே ஒரு பூட்ஸ்

துறைமுகத்தை ஒட்டிய பழைய ஹோட்டலின் நடனக் கூடத்தில், இந்த ஊர் ஜாஸ் இசையின் வரலாறு சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. காலை வெயில் கண்ணாடிகளில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. செத்துப்போன டிரம்பெட்காரரின் மனைவி ஒரு புகைப்படத்தின் முன்னால் நகராமல் நிற்கிறாள். படத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் கன்னம் உப்ப டிரம்பெட் ஊதுகிறான். ஊதுவதாகப் பாசாங்கு செய்கிறான். கப்பலில் வரும் விருந்தாளிகளுக்கு மேடையில் வெள்ளை முகம்தான் வேண்டுமென்று, அவள் புருஷனைத் திரைக்குப் பின்னால் நிறுத்தியல்லவா வாசிக்க வைத்தார்கள்! திரைக்குக் கீழே ஒரு பூட்ஸ் முனை, தாளத்துக்குத் தூக்கியது தூக்கியபடியே நிற்கிறது. பிளந்த இடத்தில் அவள் கோணி ஊசியால் போட்ட கோணல் தையல்கூடத் தெரிகிறது. ஒலிபெருக்கியில் அந்த நாளைய பதிவு ஓட, அவர் மூச்சு கூடமெங்கும் அலைகிறது. அவள் விரல் கண்ணாடியைத் தொடுகிறது. "தொடாதீங்கம்மா," என்கிறாள் கண்காட்சியைச் சுற்றிக் காட்டும் பெண். "இது என் வீட்டுக்காரர் காலும்மா. வாசிச்சது அவருதான்." அந்தப் பெண் கையிலிருக்கும் தாளைப் புரட்டிப் பார்க்கிறாள். "திரைக்குப் பின்னாடி யாருமே இல்லம்மா. ஒடஞ்ச நாற்காலி போட்டு வைக்கிற இடம்னுதான் எழுதியிருக்கு." கிழவி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப, ஒடஞ்ச நாற்காலிக்கா நான் மூணு புள்ள பெத்தேன்?"