டிரையர் பெல்ட்

"டார்ச்ச ஒழுங்காப் பிடி. வெளிச்சம் எங்கயோ போகுது."

துணி உலர்த்தும் டிரையருக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைச் செருகி உட்கார்ந்திருந்தார் என் கணவர். வலது கை தோள் வரைக்கும் மெஷினுக்குள். கழற்றிய பின்பக்கத் தகடு என் காலடியில் கிடந்தது. அதன்மேல் ஒன்பது ஸ்க்ரூக்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

எங்கள் வீட்டில் குழாயோ சுவிட்சோ, எது போனாலும் அவரே பார்ப்பார். வெளியாள் வாசலை மிதிக்கக் கூடாது. என் கூடப்பிறந்த அக்காவும் வெளியாள்தான்.

அவருக்கு வேலையும் வீட்டிலிருந்தே. சாமான்கள் வாசலுக்கே வந்துவிடும். மனிதர் நகரவே மாட்டார்.

ஆனால் இவ்வளவு பழைய மெஷினுக்கு பெல்ட் வேண்டுமென்றால் கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். போக இருபது நிமிடம், வர இருபது. அது போதும் எனக்கு. தெருமுனையில் அக்கா காரோடு காத்திருந்தாள், காலை பத்து மணியிலிருந்து.

பை எடுத்தால் கண்ணில் படும் என்று இரண்டு உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தேன். முதுகில் வேர்வை ஒழுகியது.

பெல்ட் அறுந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் எழுந்து செருப்பை மாட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

சிரித்தார். உட்கார்ந்தபடியே எட்டி, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே புது பெல்ட். மெஷின் வாங்கிய அன்றே கூடுதலாக ஒன்று வாங்கி வைத்தாராம். என்ன முன்யோசனை பாருங்கள்!

இந்த ஜென்மத்தில் இனி எனக்கு விடிவே இல்லை என்று தோன்றியது.

பழைய பெல்ட்டை உருவி எடுத்தவர், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தை அதன்மேல் திருப்பினார்.

தேய்ந்து அறுந்த பெல்ட் என்றால் முனை நூல் நூலாகப் பிரிந்திருக்கும். இது நறுக்கென்று நேராக இருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவினார்.

நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் செய்தது. எந்த ஸ்க்ரூ எங்கே என்று வருடக்கணக்கில் டார்ச் பிடித்தவளுக்குத் தெரியாதா?

"கத்தரிக்கோல எங்க வச்சிருக்க?"

கத்தவில்லை. அவர் மெதுவாகப் பேசினால்தான் எனக்கு ஈரக்குலையே நடுங்கும்.

எழப் பார்த்தார். மடக்கி வைத்திருந்த கால் மரத்துப்போயிருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்.

ஜன்னல் இல்லாத அறை. டார்ச்சை அணைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தனக்குக் கோபம் வரும் நாட்களுக்கென்று அவரே துளை போட்டு, அவரே முடுக்கியது.

உள்ளேயிருந்து எவ்வளவு இடித்தாலும் அசையாது. எனக்குத் தெரியும்.