அழுகாத இலை

ஓடைக்குள் கல்லோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்த வலைப்பையை ஜெனோவா அவிழ்த்தபோது, ஒரு மாதத்துக்கு முன் அவள் உள்ளே வைத்த இலைகள் வைத்தபடியே இருந்தன. எந்த ஓடை எவ்வளவு வேகமாக இலை தின்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. இந்நேரம் ஓடைப் புழுக்கள் அரித்துத் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். ஓர் ஓரம்கூடக் கடிபடவில்லை, பச்சைகூட மாறவில்லை. அவள் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினாள். அப்புறம் இன்னொன்றை. அடியில் எதுவும் நெளியவில்லை, எதுவும் ஓடி ஒளியவில்லை. மேலே தேயிலைச் சரிவில் மருந்தடிக்கும் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

பவளக்கொடி நிறைமாத வயிற்றோடு மெல்ல இறங்கி வந்து குடத்தை நீரில் சாய்த்தாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கெல்லாம் இதுதான் குடிதண்ணீர்.

“இதக் குடிக்காதீங்கக்கா.”

“ஏன் மேடம்? முன்னெல்லாம் புழுவா நெளியும், துணி போட்டு வடிகட்டுவோம். இப்பப் பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு.” அவள் வலைப்பையிலிருந்து ஓர் இலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்கு. தண்ணி கெட்டதுன்னா எல இப்படியா இருக்கும்?”

ஜெனோவா வாய் திறப்பதற்குள் அவள் இரு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு, முகத்தையும் கழுவிக்கொண்டாள்.

பழக்கத்தில் ஜெனோவாவின் கை தோளில் தொங்கிய பாட்டிலுக்குப் போனது. அதில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. காலையில் அதை அவள் இந்த ஓடையில்தான் நிரப்பியிருந்தாள்.