வழக்கம்போல இருங்கக்கா

"வழக்கம்போல இருங்கக்கா. நான் ஒருத்தி இங்க நிக்கிறேன்னே நினைக்காதீங்க" என்று கேமராவைத் தூக்கினாள் இலாரியா. இத்தாலியப் பெண்களின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்துப் புத்தகமாகப் போடுகிறாளாம்.

ட்ரெவிசோவில் இத்தனை வீடு இருக்க, தன் வீட்டுக்கு வந்திருக்கிறாளே என்று லொரெடானாவுக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே பார்லருக்குப் போய்வந்த தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சட்டியிலிருந்த தக்காளி சாஸைக் கிண்டினாள்.

"தினமும் நீங்கதான் சமையலா?"

"பின்னே? பன்னிரண்டு வருஷமா இந்தக் கிச்சன்லதானே கிடந்து வேகுறேன்!"

க்ளிக். க்ளிக்.

"அக்கா, ஒரு காபி கிடைக்குமா?"

கரண்டி அப்படியே நின்றது. "இதோ, ஒரே நிமிஷம்!" என்று படியிறங்கி ஓடினாள் லொரெடானா. சற்றுப் பொறுத்து, இலாரியாவும் பூனைபோல் பின்னாலேயே இறங்கினாள்.

கீழே நிலவறையில் இன்னொரு சமையலறை. கிழிந்த ஏப்ரனோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி நீவெஸ் கத்தினாள்: "படம் புடிச்சது போதும், சாஸ் சட்டியைக் கொண்டா! இந்நேரம் ஆறிப்போயிருக்கும்."

"அண்ணி, முதல்ல காபி போடுங்க! மேல அடுப்பைப் பத்தவச்சா புது டைல்ஸெல்லாம் பிசுக்காயிடும்!"

க்ளிக்.

லொரெடானா துள்ளித் திரும்பினாள். "ஐயையோ, இதை எடுக்காதேம்மா! அதான் மேல ஒரு மணி நேரமா எடுத்தியே!"

"மேல பிலிமே போடலக்கா. இறங்கி வர்றப்பதான் போட்டேன்" என்று சிரித்தாள் இலாரியா. "உங்க அடுப்புல கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர் இன்னும் அப்படியே இருக்கு. எங்கம்மாவோட மேல் அடுப்புலயும் இருபது வருஷமா இருக்கு. அதான் காபி கேட்டேன்."