ரகசியப் பாட்டு

“அந்தக் காகிதக் கட்டு ரகசியம்மா. யாருக்கும் காட்டக் கூடாது,” என்றார் ரிக்கார்டு குமாஸ்தா, குனிந்த தலை நிமிராமல்.

“நான் பாடுன பாட்டு எனக்கே ரகசியமுங்களா?” என்று கேட்டாள் அமராவதி.

அவர் பேனாவை மையில் தோய்த்து, ஏற்கெனவே எழுதி முடித்திருந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

இதற்காகவே திருமயம் பக்கத்திலிருந்து மூன்றாவது தடவையாகப் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வந்திருந்தாள் அவள். முதல் தடவை, ஸ்டாம்பு ஒட்டி மனு கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். அடுத்த தடவை, பழைய காகிதமெல்லாம் திருச்சிக்குப் போய்விட்டது என்றார். இன்றைக்கு ரகசியம்.

அமராவதி நடவுக்குப் போகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் பாட்டு தானாகக் கட்டிக்கொண்டு வரும். புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில், கண்மாய்த் தண்ணீர் பெரிய பண்ணைக்கு மட்டும் பாய்வதைத் தட்டிக்கேட்டு ஊர்க்காரர்கள் சந்தைத் திடலில் கூட்டம் போட்டார்கள். அமராவதி மேடையில் ஏறி நின்று பாடினாள். அந்த நாளில் எந்தக் கூட்டம் நடந்தாலும், பேசுவதையும் பாடுவதையும் எழுதிக்கொள்ள ஒரு போலீஸ்காரர் வந்து பெஞ்சில் உட்காருவார். அன்றும் ஒருவர் உட்கார்ந்து மாங்கு மாங்கென்று எழுதினார். அந்த எழுத்தைக் காட்டித்தான் அவளை ஜெயிலில் போட்டார்கள்.

ஜெயிலில் விஷக்காய்ச்சல் வந்து முடியெல்லாம் கொட்டியது. முடி திரும்ப வளர்ந்துவிட்டது, பாட்டுத்தான் திரும்பவில்லை. முதல் அடி நினைவுக்கு வரும். அடுத்த அடிக்குத் திகைத்து நிற்பாள்.

இப்போது 1950-ஆம் வருஷம். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே திடலில் கூட்டம். அந்தப் பழைய பாட்டுகளைத்தான் பாட வேண்டும் என்று நடவுப் பெண்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவையோ இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் முழுசாக இருந்தன. அவளை உள்ளே தள்ளிய அந்தப் போலீஸ் காகிதத்தில்.

அமராவதி இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பவில்லை. நேரே அடுத்த அறைக்குள் நுழைந்து, ஆபீசின் பெரிய அதிகாரி முன்னால் போய் நின்றாள். அவர் வெளியூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “பேசுறதுக்கும் பாடுறதுக்கும் இப்பச் சட்டமே இடம் கொடுத்திருக்கு. பாட்டுல என்னம்மா ரகசியம்?” என்றவர், அவளுக்குப் படித்துக் காட்டவும் என்று மனுவின் மேலேயே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குமாஸ்தா சிவப்பு மையை இரண்டு தடவை படித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவு பெரிய அலமாரியில் தேடவே இல்லை; கை நேராக மூன்றாவது அடுக்குக்குப் போனது.

“இருக்குற எடத்த இம்புட்டு நல்லாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா திருச்சிக்குப் போயிருச்சுன்னீங்க?” என்றாள் அமராவதி.

அவர் கட்டின் நாடாவை அவிழ்த்துப் படிக்க ஆரம்பித்தார்.

“மடையைத் தொறந்துவிட ஆளில்லையோ – எங்க
மண்ணு வாய்பொளந்து கேக்குதடி...”

அவர் ஒரு அடி எடுத்துக் கொடுத்தால் போதும், அடுத்த இரண்டு அடிகள் அவள் தொண்டையிலிருந்து தானே புறப்பட்டு வந்தன. கொஞ்ச நேரத்தில் அவர் படிப்பதற்கு முன்பே அவள் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். இழுக்க வேண்டிய இடத்தில் குமாஸ்தாவும் கூடவே இழுத்தார். சந்தோஷத்தில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அம்புட்டுத்தாம்மா,” என்று அவர் சட்டென்று கட்டை மூடினார்.

“இன்னும் ஒரு தாள் இருக்குதுங்களே.”

“அது ஒண்ணுமில்ல.”

“படிச்சுக் காட்டச் சொல்லித்தான் எழுதியிருக்காக. எதையும் விட்டுட்டுப் படிக்கச் சொல்லலையே?”

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல், தணிந்த குரலில் அவர் படித்தார்.

“பாடுறவ கொரலு பெருசு – அதப்
பதிஞ்செழுதும் நெஞ்சு சிறுசு
கைதட்டத் துடிக்கும் கையி – இங்க
காக்கிக்குள்ளே அடங்கிப்போச்சு.”

வாசலில் சிரிப்பு நின்றுபோனது. அமராவதி புருவத்தைச் சுருக்கினாள். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“இது என்னுது இல்லீங்க. நான் பாடுனது நாலு பாட்டுதான். பாட்டுக்கு ஒரு மாசம்னு நாலு மாசம் உள்ள இருந்தவளுக்கு எண்ணிக்கை தப்புமா? ஆனா நல்லாருக்கு. ஞாயித்துக்கெழம இதையும் சேத்துப் பாடுறேன். கட்டுனவுக பேரு அதுல போட்டிருந்தாச் சொல்லுங்க, கூட்டத்துல சொல்லணும்.”

குமாஸ்தா கட்டின் நாடாவை முடிந்தார், அவிழ்த்தார், மறுபடியும் முடிந்தார். பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“பேரு போடலம்மா. சோலையப்பன்னு சொல்லுங்க,” என்றார். “அன்னைக்குப் பெஞ்சுல உக்காந்து எழுதுன போலீஸ்காரன் நான்தான். இந்தப் பாட்ட நீங்க கேட்டுச் சிரிச்சிருவீங்களோன்னுதான் ரகசியம்னு சொன்னேன்.”