ஏரியில் பிடித்த மீன்

2025ஆம் ஆண்டு ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் சூப்பர்வைசராகப் பணிபுரியும் சாம்சன், பொழுதுபோக்குக்காக வாங்கிய படகில் ஊர் ஏரியில் மீன் பிடித்துவிட்டு வீடு திரும்பினான். மனைவி இசைவாணி வாசலிலேயே காத்திருந்தாள்.

“இன்ஜின் சர்வீஸ், பெயிண்ட், ஓட்டை அடைக்கிற கூலி, நிறுத்தி வைக்க வாடகை! உன் ஓ.டி. காசு மொத்தத்தையும் அந்தப் போட்டே முழுங்குது. இன்னிக்கும் மீன் இல்லேன்னா வித்துடணும்னு சொன்னேனா, இல்லியா?”

“பைபிள்ல பேதுருகூட போட் வச்சிருந்தாருடி.”

“அவரு போட்டுக்கு இன்ஜின் கெடையாது.”

சாம்சன் பெருமிதத்துடன் பையை நீட்டினான். “நானே தூண்டில் போட்டுப் புடிச்சேன். இன்னா இழுப்பு இழுத்துச்சு தெரியுமா!”

இசைவாணி பையைத் திறந்து பார்த்தாள்.

“ஏரியிலயா புடிச்சே?”

“நடு ஏரியில.”

“இது வஞ்சிரம்யா. கடல் மீனு. கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்குறேன், வெல ஜாஸ்தின்னு ஒரு துண்டு வாங்கித் தந்தியா நீ?”

படகை விற்பதில்லை என்று அன்றே முடிவாயிற்று. சாம்சன் ஞாயிறுதோறும் அதே ஏரியில் வஞ்சிரம் பிடித்து வர வேண்டும்; ஈஸ்டரன்று மட்டும் இறால்.