தேங்காய் மூடி

லோகநாதன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைத்தான். சாப்பிட்டுவிட்டு, இறந்துபோன மனைவி வசந்தகுமாரியின் ஓவியங்களை டெலானிபூர் மண்டபத்துக்கு எடுத்துப்போய்க் கண்காட்சிக்காக மாட்டினான்.

வந்த கூட்டம் ஒரே படத்தின் முன் நின்றது. குனிந்திருக்கும் ஓர் உடல். முதுகு இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய் மூடி. ஓடு தெரியும்வரை துருவியிருந்தது. துருவிய கோடுகளில் ரத்தம்.

ஹேவ்லாக் தீவிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் பாலகுரு, லோகநாதன்மேல் பாய்ந்தான்.

"காய்ச்சல்னு கதை விட்டியேடா! சச் போல், உண்மையைச் சொல்லு, அவளை அடிச்சே கொன்னுட்டதானே?"

"காய்ச்சல்தான் மச்சான்."

"எதிர்ல வச்சுப் பார்க்காம என் தங்கச்சி ஒரு கோடு போடமாட்டா. கண்ணாடியில தன் முதுகைப் பார்த்துத்தானே இதை வரைஞ்சிருக்கா? நட போலீஸுக்கு!"

முகத்தில் குத்தினான். லோகநாதன் கையைத் தூக்கவில்லை. அடுத்த குத்தில் குப்புற விழுந்தான். பாலகுரு காலரைப் பிடித்து இழுக்க, சட்டை முதுகோடு கிழிந்து வந்தது.

படத்திலிருந்த ஒவ்வொரு கோடும் லோகநாதனின் முதுகில் தழும்பாக இருந்தது.

பாலகுரு காலரை விட்டான். "அவளா மாப்ள?"

"தேங்காத் துருவியால. அப்புறம் உட்கார வச்சு வரைவா."

"எங்கிட்டகூட ஏன்யா சொல்லல?"

லோகநாதன் வாயிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் வசந்தகுமாரி கடைசியாகப் பேசியது ஒன்றுதான்.

"வெக்கையா இருந்தாலும் சட்டையைக் கழட்டாதீங்க. அண்ணன் வர்றான்."