அப்போதிக்கரி செய்த ஆராய்ச்சி

“மாத்திரை எல்லாத்தையும் பரியாரியாரிட்டக் குடுத்திட்டன் ஐயா.”

ஆமினா உம்மா ஒளிக்காமல் சொன்னாள். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த மகள் லைலா தலையைக் குனிந்துகொண்டாள்.

அரசாங்க மருந்தகத்தில் நோயாளரைப் பார்க்கும் அப்போதிக்கரி கனகசுந்தரத்துக்கு உச்சி கொதித்தது.

“கசநோய்க்கு அரசாங்கம் இனாமாத் தாற மருந்து! அதைக் கொண்டுபோய் ஏன் அந்த நாட்டு வைத்தியனிட்டக் குடுத்தனீங்கள்?”

“அது சூடாம் ஐயா. ரெத்தத்தை வத்தப்பண்ணுமாம். கலியாணம் முடிக்காத புள்ளைக்குக் கூடாதெண்டு ஊரே சொல்லுது. பரியாரியாரும், ‘அந்த நஞ்சை ஒண்டுவிடாம என்ட கையில தந்தாத்தான் என்ட தூள் வேலை செய்யும்’ எண்டுட்டார்.”

“வாங்கி என்ன செய்யிறார்?”

“கடல்ல எறியிறாராம்.”

“பிறகென்னத்துக்கு மாதாமாதம் லோஞ்சி ஏறிக் கடல் கடந்து இங்க வாறீங்கள்?”

“அவர்தான் அனுப்புறார். மாத்திரை கொண்டு போகாட்டித் தூள் இல்லையாம்.”

என்ன திமிர்! ஆங்கில மருந்தை வரவழைத்து, தன் காலடியில் போட்டு மிதிக்கிறான் என்று கனகசுந்தரத்துக்குத் தோன்றியது.

மருந்து கொடுக்கும் ஜெமீல் லைலாவை நிறுத்துப் பார்த்தான். “மூண்டு றாத்தல் கூடியிருக்கு ஐயா. தூள் நல்லாத்தான் பிடிச்சிருக்கு.”

“உமக்கும் ஒரு பொட்டலம் எடுப்பிக்கட்டோ?”

ஜெமீல் நிறையை அட்டையில் எழுதப் போனான்.

மூதூரிலிருந்து இப்படி வருகிறவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் சுகமாகிக்கொண்டு வந்தது. கதை கொழும்புவரை போய்விட்டது. மருந்து ஆராய்ச்சி செய்கிற பெரியவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அபூதாஹிர் பரியாரியாரின் தூளில் உள்ள மூலிகையை ஆராய விரும்புகிறார்களாம். அப்போதிக்கரி முதலில் விசாரித்து ஓர் அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

இருபத்தெட்டு வருடச் சேவையில் கனகசுந்தரத்திடம் யாரும் அறிக்கை கேட்டதில்லை. கேட்டதும் எதற்காக? ஒரு நாட்டு வைத்தியனின் தூளுக்காக.

‘சரி, ஆராய்வம்’ என்று நினைத்தார்.

இந்தச் சனம் ஒன்றிரண்டு மாத்திரையை ஒளித்து விழுங்குகிறது, பெயர் தூளுக்குப் போகிறது என்பது அவருடைய எண்ணம். அதையும் நிறுத்திவிட்டால் தூளின் சாயம் வெளுத்துவிடும். அடுத்த மாதம் எட்டு உறைகளிலும் தானே மாத்திரை எண்ணிப் போட்டார்.

ஜெமீல் எட்டிப் பார்த்தான். “ஐயா, இது கசநோய் மாத்திரையில்ல, கல்சியம் எல்லோ?”

“கடலுக்குப் போற மாத்திரை எதெண்டால் என்ன? மருந்துத் தட்டுப்பாட்டு நேரத்தில நல்லதை எடுத்து மீனுக்குப் போடச் சொல்லுறீரோ?”

செய்வது சரியா என்று அன்றைக்கு இரண்டு தரம் தன்னையே கேட்டார். இரண்டு தரமும் சரி என்றே பதில் வந்தது. கேட்டதும் அவர்தான், பதில் சொன்னதும் அவர்தான்.

மறு மாதம் லைலாவின் நிறை குறைந்தது; மற்ற ஏழு பேருக்கும் அப்படியே. அதற்கடுத்த மாதம் லோஞ்சியில் வரும்போதே இருமலோடு இரத்தம் வந்துவிட்டது. ஆமினா உம்மா முந்தானையை விரித்துக் காட்டினாள்.

“நான் சொன்னனான்தானே? இப்ப எங்க உங்கட தூள்?”

அவள் அழுதாள். கனகசுந்தரத்துக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. அதன் அடியில் ஓர் இனிப்பும் இருந்தது. அதை அவர் கிளறிப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதிக் கொடுத்தார். ஆமினா உம்மா அதை மடித்துக்கொண்டு, மகளை அணைத்தபடி மூதூர் லோஞ்சிக்கே திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

‘எட்டு நோயாளர்களை அவதானித்ததில், மேற்படி தூளில் எந்த மருத்துவக் குணமும் இல்லை என்பது ஐயமற நிரூபணமாகின்றது...’

வாசலில் நிழல் விழுந்தது. தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு மெலிந்த மனிதர். கையில் மாத்திரை உறை.

“நான்தான் அபூதாஹிர். மூதூர்ப் பரியாரி.”

கனகசுந்தரம் உட்காரக் கதிரையைக் காட்டவில்லை. “என்ன வேணும்?”

வந்தவர் ஜெமீலுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு மாசமா என்ட தூள் வேலை செய்யுதில்ல ஐயா.”

“அது எப்ப வேலை செய்தது?”

“உங்கட மாத்திரை நல்லா இருந்த மட்டும்.”

கனகசுந்தரத்தின் பேனை நின்றது.

“சனத்துக்கிட்டக் கடல்ல எறியிறன் எண்டுதான் சொல்லுற. எறியிறல்ல. நாளுக்கு எத்தனையெண்டு உறையில நீங்க எழுதுறபடி எண்ணி, ஆடாதோடைத் தூளோட இடிச்சு, ஆளாளுக்குப் பொட்டலம் கட்டிக் குடுக்குற. மாத்திரையாக் குடுத்தா இந்தச் சனம் திங்காது ஐயா. என்ட பெண்சாதி அப்படித்தான், இதே நோய் வந்து, எனக்குத் தெரியாம அவ்வளவையும் கடல்ல எறிஞ்சுபோட்டு மௌத்தாப் போனா. அதுக்குப் பிறகுதான் இந்த யோசனை வந்தது.”

அவர் உறையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார்.

“இடிக்கக்குள்ள நாக்கில வெச்சுப் பாப்பன். முந்திக் கசக்கும். இப்ப வெறும் சுண்ணாம்பு.”

கனகசுந்தரம் அந்த வெள்ளை மாத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளங்கை மெல்ல நகர்ந்து அறிக்கையை மூடியது.

பரியாரியார் அந்த முகத்தைப் பார்த்தார். இரக்கப்பட்டுவிட்டார்.

“நீங்க என்ன செய்வீங்க ஐயா? கொழும்பில எவனோ உங்களையும் ஏமாத்திப்போட்டான். அந்த லைலாப் புள்ளைக்கு இனி நாள் கடத்த ஏலாது. இப்பவே இந்த மாத்திரையைப் பத்தி மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதுங்க. கடுதாசியும் பேனையும் முன்னாலதானே இருக்கு... நானும் கீழ கையெழுத்து வெக்கிறன்.”